முசுறுப் பிள்ளைகள்

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் எனக்கு லேசாகத் தூக்கம் வரும். வெளிச்சம் கீழேயிருந்து ஏறிவரும், சத்தமெல்லாம் எங்கோ போய்விடும், கிணற்றுக்குள் மெல்ல இறங்குவதுபோல இருக்கும். ராமகுப்பத்திலிருந்து பஸ் பிடித்துக் குப்பம் போய், பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் கூடத்தில் நான் செய்துவந்த வேலை அதுதான். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து, ஒரு சொட்டு எடுத்து, நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோய் இருந்தால் முட்டை நெருப்புக்குப் போகும், இல்லாவிட்டால் விவசாயிக்குப் போகும். தாய் எப்படியும் போயாயிற்று. இந்த வேலையைச் செய்துவிட்டு மத்தியானம் தயிர்சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்கிறவள் நான். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும்.

நான் முட்டையோடு நிறுத்திக்கொள்வேன். அங்கிருந்து கூடு கட்டும்வரை புழு வளர்ப்பது என் அக்கா பத்மினி. ராமகுப்பத்தில் அவள் கைராசியைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. கைராசி என்று சொன்னாலும் அவள் கையே படாது என்பதுதான் வேடிக்கை. இலையைப் பொடியாக நறுக்கித் தூவுவாள், தட்டைச் சுத்தமாக வைப்பாள், புழுவை நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் கோழி இறகால் தள்ளுவாள். தோலுரிப்பதற்கு முன் புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். எங்கள் பக்கத்தில் அதை ஜுரம் என்போம். ஜுரத்தில் கிடக்கும் புழுவின் பக்கத்தில் அக்கா மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள்.

எறும்பு மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது. தட்டுகளை அடுக்கும் ஸ்டாண்டின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் நிற்கும், எறும்பு ஏறாமலிருக்க. காலையில் சாமிக்கு விளக்கேற்ற மறந்தாலும் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்ற மறக்க மாட்டாள்.

அந்த அக்காதான் குவைத்துக்குப் போவதென்று முடிவானது. ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது, மல்பரித் தோட்டம் காய்ந்தது. சைனா நூல் வந்து இறங்கியதும் பட்டுக்கூட்டின் விலை தரையைத் தொட்டது. அக்காவின் வீட்டுக்காரர் கோவர்த்தனன் மாமா முன்பே அங்கே போய் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அதே வீட்டில் சமையலுக்கு ஆள் தேவை என்று அக்காவுக்கும் விசா எடுத்துவிட்டார். பாதியில் நின்ற வீடு கூரையில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதற்காகத்தான் இருவரும் போனார்கள். அவர்கள் குழந்தை ஹரிதாவுக்கு விசா இல்லை. அவளுக்கு அப்போது எட்டு மாதம்.

எங்களுக்கு அம்மாவும் இல்லை, நைனாவும் இல்லை, நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். குழந்தையைச் சித்தூரில் இருக்கும் நாத்தனார் கமலம்மாவிடம் விடுவது என்று அக்கா தீர்மானித்தாள். நான் கேட்டேன்.

"ஏன்க்கா, நா ஒருத்தி இல்லியா?"

"நீயா? நீ புள்ளைய இடுப்புல ஒட்ட வச்சிகினே சுத்துவ. அது மண்ணத் துன்னாக்கூட சிரிச்சிகினு நிப்ப. அண்ணி வூட்டப் பாத்திருக்கியா? மொசைக் தரை. அதுல சோத்தப் போட்டுத் துன்னலாம்."

"தரையில சோறு போட்டுத் துன்றதுக்கா புள்ளைய அனுப்பற?"

அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டாள், பாத்திரம் பேசும். அன்று சாயங்காலம் வரை பேசியது. ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் சோற்றை என் வாயில் போட்டு மசித்துத்தான் ஹரிதாவுக்கு ஊட்டுவேன். அவள் வாயைத் திறக்கும்போது என் வாயும் தானாகத் திறந்துகொள்ளும். அக்கா அதைப் பார்த்துக் குமட்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். அதை நான் வெட்கமில்லாமல் விரும்பினேன்.

புறப்படுவதற்கு முன் குழந்தை அங்கே பழகட்டும் என்று ஆடி பிறந்ததும் அக்காவே கொண்டுபோய்ச் சித்தூரில் விட்டுவிட்டு வந்தாள். சாயங்கால பஸ்ஸில் இறங்கியபோது ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டிக்கொண்டாள். வீடு முழுக்க கல்யாண வாசனை அடித்தது, எனக்கு அழுகையாக வந்தது. கடைசிப் போகக் கூட்டை விற்றாகிவிட்டது. புழு வீடு காலி. வெறும் ஸ்டாண்டின் கால்களுக்கு அவள் மறுநாள் காலையிலும் தண்ணீர் ஊற்றினாள்.

அன்று ஆடிக்காற்று மாமரத்தின் கிளை ஒன்றை முறித்துப் புழு வீட்டு வாசலில் போட்டது. கிளையோடு ஒரு முசுறுக் கூடும் வந்து விழுந்தது. பச்சை இலைகளை ஒன்றோடொன்று சேர்த்து, வெள்ளை நூலால் ஒட்டிச் செய்த உருண்டை. கடித்தால் உயிர் போகிற அந்தச் சிவப்பு எறும்புகள் நாலாபக்கமும் ஓடின. கூடு கிழிந்து உள்ளேயிருந்த வெள்ளைப் புழுக்கள் சோற்றுப் பருக்கைகளைக் கொட்டியதுபோல மண்ணில் சிதறிக் கிடந்தன.

அக்கா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். ஓங்கிய துடைப்பம் அப்படியே நின்றது. அவள் காலடியில் ஓர் எறும்பு ஒரு புழுவை வாயில் கவ்விக்கொண்டு கிழிந்த இலையின் ஓரத்தில் தொட்டது. பிறகு அடுத்த இலையின் ஓரத்தில் தொட்டது. புழுவின் வாயிலிருந்து நூல் வந்துகொண்டிருந்தது.

"தாட்சா, இங்க வாடி! நூல் வுடுது! இதுவும் நம்ம புழுதாண்டி!"

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பல மாதங்களாகக் கேட்டிருக்கவில்லை. கையில் கடி வாங்கிக்கொண்டே கோழி இறகால் புழுக்களைப் பொறுக்கித் தட்டில் சேர்த்தாள். தட்டை ஸ்டாண்டில் ஏற்றினாள், காய்ந்த தோட்டத்தில் மிச்சமிருந்த கொழுந்து மல்பரி இலையை நூல் போல நறுக்கித் தூவினாள், ஈரத்துணி மூடினாள். எறும்புகளைச் சாம்பல் தூவி விரட்டினாள். பட்டுப்புழு வளர்க்கிற எங்கள் ஆட்களுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். நூல் விடுகிறதா, அப்படியானால் இலையைப் போடு, துணியை மூடு, தொடாதே. நான் சிரித்தேன். பிறகு மல்லிகை வாசனை வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் ஒரு புழுவைத் தீப்பெட்டியில் வைத்து வேலைக்கு எடுத்துப் போனேன். கண்ணாடித் துண்டில் வைத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தேன். நான் அதுவரை இறங்கிய கிணறுகளிலேயே அழகான கிணறு அது.

கண் இல்லை. கால் இல்லை. உடம்பு முழுக்க மடிப்பு மடிப்பாக, எண்ணெய் தேய்த்த குழந்தையின் தொடைபோல. தோல் கண்ணாடி மாதிரி, உள்ளே கொழுப்புத் திட்டுகள் மேகம்போல மிதந்தன. நடு வயிற்றில் ஒரு கறுப்பு உருண்டை. கழுத்து என்று சொல்லக்கூடிய இடம் லேசாக வளைந்து, நுனியில் சின்னத் தலை. அந்தத் தலையில் வாயைத் தவிர வேறெதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. வாய்க்குக் கீழே நூல் வருகிற பொத்தல். நான் மூச்சு விட்டேன், மூச்சுக் காற்று பட்டதும் அது தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. இந்தப் பக்கம் நீட்டியது, அந்தப் பக்கம் நீட்டியது. எனக்குத் தெரியாமலேயே என் வாய் திறந்திருந்தது.

"ஏமி சூஸ்துன்னாவு, தாட்சாயணி?" என்ன பார்க்கிறாய் என்று எங்கள் மேடம் பின்னாலிருந்து தெலுங்கில் கேட்டார்.

"சீம பில்லலு, மேடம்."

பட்டு ஆபீஸில் எறும்புக் குஞ்சா என்று தலையில் அடித்துக்கொண்டு போனார். போகிற போக்கில் அலமாரிச் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார், அவர் அப்படித்தான். அலமாரியிலிருந்த தெலுங்குப் புத்தகத்தில் எறும்புக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று.

அந்தக் கறுப்பு உருண்டை அது பிறந்ததிலிருந்து தின்றதன் கழிவு. புழுவுக்குப் பின்வாசல் அடைத்தே இருக்குமாம். எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருந்து, உருமாறப் போகும்போது ஒரே முறை வெளியே தள்ளுமாம். ஹரிதாவின் துணிகளை அலசி அலசி விரல் சுருங்கிய எனக்கு அந்த இடத்தில் பொறாமையாகத்தான் இருந்தது. வளர்ந்த எறும்பின் இடுப்பு நூல் அளவு. அதனால் அது கெட்டியாக எதையும் விழுங்காது, சாறாகத்தான் உறிஞ்சும். அந்தச் சாற்றைத் தன் வயிற்றிலிருந்து எடுத்துப் புழுவின் வாயில் வாய் வைத்து ஊட்டும். ராணி முட்டையிடுவதோடு சரி. தூக்குவது, ஊட்டுவது, நக்கிக் கழுவுவது எல்லாம் கூடப் பிறந்த பெண் எறும்புகள்.

முசுறைப் பற்றி ஒரு பத்தி தனியாக இருந்தது. மற்ற எறும்புகளில் பல, புழுவாக இருக்கும்போது தன்னைச் சுற்றித் தானே கூடு கட்டிக்கொள்ளும். முசுறுப் புழு கட்டாது. தனக்கென்று சுரந்த நூலையெல்லாம் வீடு தைக்கக் கொடுத்துவிட்டு, வெறும் உடம்போடுதான் உருமாறும். அதைப் படித்தபோது எனக்கு அக்காவின் விசா ஞாபகம் வந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொழுத்த புழுக்களைப் பொறுக்கிச் சந்திரிகையில், அதாவது பட்டுப்புழு கூடு கட்டுவதற்கென்று வைக்கிற மூங்கில் தட்டில், வரிசையாக வைத்திருந்தாள்.

"ஒரு இழை வுடல தாட்சா. இலையயும் தொடல. தலைய மட்டும் தூக்கித் தூக்கிப் பாக்குது."

"யாராவது வாயில புடிச்சாத்தான் நூல் வுடும்க்கா. யாராவது ஊட்டனாத்தான் துன்னும்."

"இவ்ளோ சுத்தமா வச்சிருக்கறேன். இன்னா கொறை?"

"கொறை ஒன்னும் இல்ல. ஆளு இல்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் புழுவைப் பற்றித்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சித்தூர் போனோம். கமலம்மா அண்ணியைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல முடியாது. குழந்தையின் துணிகளை வெந்நீரில் கொதிக்க வைத்து உலர்த்தியிருந்தார். குழந்தைக்குக் கீறிவிடக் கூடாதென்று தன் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். ஹரிதா பவுடர் வாசனையோடு தொட்டிலில் மல்லாந்து கிடந்தாள். பால் பாட்டில் ஒரு சின்னத் தலையணையில் சாய்ந்து அவள் வாய்க்கு நேராக நின்றிருந்தது. பிடித்துக்கொள்ளக் கை தேவைப்படாத ஏற்பாடு.

"அழவே மாட்டேங்குதுமா," என்றார் அண்ணி பெருமையாக. "என்னா சாது! வச்ச எடத்துல கெடக்குது."

பாட்டிலில் பாதிப் பால் அப்படியே இருந்தது. ஹரிதா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் குனிந்தபோது எங்களையும் ஃபேனைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். நான் கை நீட்டினேன்.

"தூக்காத தாட்சாயணி. தூக்கனா பழகிடும். அப்பறம் எறங்காது."

நான் கையை எடுத்துக்கொண்டேன். அண்ணி ஸ்பூனில் கஞ்சி எடுத்தார். குழந்தை வாயைத் திறக்கவில்லை. ஸ்பூன் உதட்டில் இடித்தது, கஞ்சி வழிந்தது, அண்ணி சுத்தமான துணியால் துடைத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரோரமாக நின்றிருந்தாள், வாய் திறந்திருந்தது.

"ஜுரத்துல கெடக்கற புழு மாரி அமைதியா கெடக்குது," என்றாள் அக்கா, திரும்பி வரும் பஸ்ஸில். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தொந்தரவு பண்ணக் கூடாது. எழுந்தா நல்லா துன்னும்."

"ஜுரம் இல்லக்கா அது."

"தெரியும், வாய மூடிகினு வாடி."

பலமநேர் தாண்டும்வரை அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது, அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டாவதைத்தான் செய்தேன். தூங்கிப்போனேன்போல. யாரோ என்னைக் கழுத்தில் மெல்லக் கவ்வி, பச்சை வெளிச்சத்துக்குள் தூக்கிக்கொண்டு போவதாக ஒரு கனவு வந்தது. எனக்குக் கால் இல்லை, கண் இல்லை, பயமும் இல்லை. எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

விடியற்காலையில் அக்கா தண்ணீர் மொண்டுகொண்டு புழு வீட்டுக்குள் போனாள். வெகுநேரமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

தட்டில் பாதிப் புழுக்கள் சுருங்கி மஞ்சளாகிவிட்டன. மீதி இன்னும் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தன. கீழே ஸ்டாண்டின் காலடியில், கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி முசுறுகள். தண்ணீரை எட்டிப் பார்க்கும், பின்வாங்கும், மறுபடி வரும். சில எறும்புகள் பின்னங்கால்களில் எழும்பி, வாயைத் திறந்து, கொம்புகளை மேலே நீட்டிக்கொண்டு நின்றன. வாசனை கிடைத்துவிட்டது, வழிதான் இல்லை. வெளியே மாமரத்தில் அவை அதற்குள் புதுக் கூடு ஒன்று தைத்து முடித்திருந்தன. அக்கா கண்ணில் படாமல் தப்பிய புழுக்களை வைத்துத் தைத்திருக்க வேண்டும்.

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். காய்ந்த மல்பரிக் குச்சி ஒன்றை எடுத்தாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, கிண்ணத்தின் விளிம்பிலிருந்து ஸ்டாண்டின் காலுக்குப் பாலம்போல அந்தக் குச்சியை வைத்தாள்.

கல்யாணம் ஆகிவந்த நாளிலிருந்து எறும்புக்கு வழி அடைத்தவள் அவள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் எறும்பு குச்சியில் ஏறியது, அதன் பின்னால் ஒன்று, பிறகு ஒரு சிவப்புச் சரடு. தட்டுக்கு வந்ததும் அவை இலையைத் தொடவில்லை, எங்களைக் கடிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு புழுவிடம் நின்று கொம்பால் தட்டிப் பார்த்தது. உயிரில்லாதவற்றையும் தட்டிப் பார்த்தது. ஓர் எறும்பு வாயோடு வாய் வைத்து அங்கேயே ஊட்டியது. மற்றவை கவ்விக்கொண்டு கிளம்பின. கவ்வியதும் புழு உடம்பைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் போயிற்று. காலை வெளிச்சத்தில் அந்த வெள்ளைப் பருக்கைகள் எல்லாம் மரத்தை நோக்கி மிதந்துபோயின.

"பெத்தவ தூக்கலயா?" என்று அக்கா கேட்டாள்.

"தூக்காதுக்கா. இதெல்லாம் கூடப் பொறந்ததுங்க."

அவள் மூக்கைச் சிந்தினாள்.

"மொத பஸ் எத்தினி மணிக்கு?"

ஹரிதாவைக் கொண்டுவந்தபோது கமலம்மா அண்ணி வாசல்வரை வந்து, கொதிக்க வைத்த துணிகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பஸ் ஏறியதும் ஹரிதா என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு வாரத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டார். அக்காவும் நானும் பைத்தியங்கள்போலச் சிரித்தோம்.

"உன் வேல?" என்றாள் அக்கா.

"பூச்சி அரைக்கறதுதான. போவுது."

அப்படிச் சொன்னேனே தவிர, அந்த வெளிச்சக் கிணறு எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. கூடத்தில் கடைசி நாள் மேடம் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, வைத்துக்கொள் என்றார்.

அக்கா மெட்ராஸ் போய் விமானம் ஏற வேண்டும். குப்பம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். குழந்தை அழாமல் இருக்க வேண்டும் என்று அவள் காலையிலிருந்து எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து இட்லியை விண்டு, தன் கையால் ஊட்டப் பார்த்தாள். ஹரிதா உதட்டை இறுக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் இட்லியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே குடு. உன் மாரியே குடு. நா பாத்துகினே போறேன்."

வண்டி வந்தது. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் இட்லியை வாயில் போட்டு மசித்து, விரலில் எடுத்து நீட்டினேன். ஹரிதா ஆவென்று வாயைத் திறந்தாள். வண்டி நகர்ந்தது. குழந்தை அழவில்லை, அம்மா போவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்கா கேட்ட வரத்தைச் சாமி அப்படியே கொடுத்துவிட்டது, அது எனக்குத் தாங்கவில்லை.

நான்தான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்கா கை அசைக்கவில்லை, கண்ணைத் துடைக்கவில்லை. ஹரிதா அடுத்த வாய்க்குத் திறந்தபோது அவளும் திறந்தாள். கையில் ஒரு பருக்கை இல்லை, மடியில் குழந்தை இல்லை. வளைவில் வண்டி மறையும்வரை அவள் வாய் அப்படியே திறந்திருந்தது.